மும்பையில் ஒரு சிறு கிளினிக் தொற்றுநோய்த் தகவலை மாநகராட்சிக்கு அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பகுதிகளில் தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர்கள், அவர்களிடம் வேலை பார்க்கும் செவிலியர்கள், வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளைகள், சிறு பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பல கிளினிக்குகளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. நோயின் பெயரைச் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

இந்தத் தகவல் எதற்காகப் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை எளிதாகிவிடும். நாளைக் காலை சுகாதாரப் பணியாளர் ஒருவர் அந்த நோயாளியின் வீட்டைத் தேடிப் போவார். அவருக்கு உதவாத தகவல், படிவம் எத்தனை அழகாக நிரம்பியிருந்தாலும், வேலைக்கு ஆகாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் வார்டு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாராவி, மாஹிம், தாதர் மேற்கு ஆகியவை ஜி வடக்கு வார்டு. அலுவலகம் தாதர் மேற்கில் இருக்கிறது. சயான், மாட்டுங்கா, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் ஆகியவை எஃப் வடக்கு வார்டு, அலுவலகம் மாட்டுங்காவில். செம்பூர் எம் மேற்கு, கோவண்டி எம் கிழக்கு, குர்லா எல் வார்டு. ஒவ்வொரு வார்டிலும் எம்.ஓ.எச். என்று எல்லோரும் அழைக்கும் வார்டு சுகாதார அதிகாரி இருக்கிறார். உங்கள் தகவல் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அவருடைய அலுவலகம்.

அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். மருத்துவரின் பதிவு எண், கிளினிக்கின் முகவரி, பொறுப்பாளரின் தொலைபேசி எண் மூன்றையும் கொடுங்கள். தொற்றுநோய்த் தகவலை எந்த எண்ணுக்கு, எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வார்டின் காசநோய் அதிகாரி யார், அவருக்குக் கீழே உங்கள் பகுதிக்கான காசநோய் அலகு எது என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். முகம் தெரிந்தபின் தொலைபேசியில் பேசுவது எளிது. மழைக்காலத்தில் அங்கே யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. அதனால் மே மாதத்துக்குள் போய்வருவது நல்லது.

அடுத்து, இரண்டு இணையதளங்களில் கிளினிக்கைப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று, காசநோய்க்கு மட்டுமான நிக்ஷய். மற்றொன்று, மற்ற தொற்றுநோய்களுக்கான ஐ.எச்.ஐ.பி. என்னும் கண்காணிப்புத் தளம். இது நாடு முழுவதும் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காசநோயாளியை ஐ.எச்.ஐ.பி.யில் மட்டும் பதிந்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அந்த நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மருந்தும் உதவித்தொகையும் நிக்ஷய் வழியாகத்தான் வரும்.

கடைசியாக, பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். "யாராவது அனுப்பிவிடுவார்கள்" என்று இருக்கும் கிளினிக்கில் யாரும் அனுப்புவதில்லை. அந்த ஒருவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். சட்டப் பொறுப்பு மட்டும் எப்போதும் மருத்துவருடையதே.

2. எதை உடனே சொல்வது, எதை அன்றைக்குள் சொல்வது

எல்லா நோய்க்கும் ஒரே அவசரம் கிடையாது. நான் சொல்லிக்கொடுக்கும் பிரிவினை இது.

நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே தொலைபேசியை எடுக்க வேண்டியவை: காலரா என்று சந்தேகப்படும்படியான கடும் வயிற்றுப்போக்கு, தொண்டை அடைப்பான், தட்டம்மை, பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை அல்லது கால் தளர்ந்துபோதல், காரணம் புரியாத காய்ச்சலில் மரணம். ஒரே சாலில் (வரிசையாக அறைகள் கொண்ட குடியிருப்பில்) அல்லது ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரி நோய் வந்தால் அதையும் இதில் சேர்க்க வேண்டும். நோய் சாதாரணமானதாக இருந்தாலும் கூட்டமாக வருவது சாதாரணமல்ல.

கிளினிக் மூடுவதற்குள் அனுப்ப வேண்டியவை: மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, காசநோய்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பது. ஐ.எச்.ஐ.பி.யில் மூன்று படிவங்கள் இருப்பதற்குக் காரணமே அந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பதுதான். வீடு வீடாகப் போகும் பணியாளர் அறிகுறியை வைத்துத் தருவது எஸ் படிவம். மருத்துவர் பார்த்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று கருதித் தருவது பி படிவம். பரிசோதனைக்கூடம் உறுதி செய்து தருவது எல் படிவம். நீங்கள் மருத்துவர் என்றால் உங்களுடையது பி படிவம். உங்கள் ஊகம் பிறகு தவறாகிப்போனால் அது குற்றமில்லை. காலரா என்று சொல்லி, கடைசியில் வேறு கிருமி என்று வந்தாலும் அந்தக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தது நல்லதுதானே.

3. முகவரி: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ஆதார் அட்டையைப் பார்த்து முகவரியை எழுதாதீர்கள். நம் தமிழ் ஆட்களில் எத்தனையோ பேருடைய அட்டையில் திருநெல்வேலி அல்லது தென்காசி மாவட்டத்துக் கிராமம்தான் இருக்கும். அதை அப்படியே படிவத்தில் ஏற்றினால், மும்பைப் பணியாளர் தேடிப் போகவே மாட்டார். சிலருடைய அட்டையில் மும்பை முகவரி இருந்தாலும் அது பழைய வாடகை வீடாக இருக்கும்.

"நேற்று இரவு எங்கே படுத்துத் தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குச் சரியான பதில் வரும். இட்லி விற்கும் பையன் உறவினர் வீட்டு முகவரியைச் சொல்வான். ஆனால் தூங்குவது மாவு அரைக்கும் அறையின் மாடியில். தோல் பட்டறையிலும் தையல் கூடத்திலும் வேலை செய்கிறவர்கள் அங்கேயே தங்குவதுண்டு. கொசு கடித்த இடமும், இருமல் பரவும் அறையும் அதுதான்.

பிறகு இந்த வரிசையில் எழுதுங்கள்: அறை எண், சாலின் அல்லது சொசைட்டியின் பெயர், சந்து, பெரிய சாலை, அடையாளம், அஞ்சல் குறியீடு. "தாராவி, மும்பை 400017" என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். "அறை 14, இன்ன சால், காமராஜர் பள்ளிக்குப் பின்பக்கச் சந்து, 90 அடிச் சாலை, கீழே சலூன், இரும்பு ஏணியில் ஏறி மாடி" என்று எழுதினால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். ஏணியைக் குறிப்பிடுவது வீண் வேலையில்லை. தாராவியில் கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் குடும்பம் வேறு, பெயர்ப் பலகையும் இருக்காது.

தொலைபேசி எண் இரண்டு வாங்குங்கள். முதல் எண்ணை அங்கேயே அழைத்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது எண் பகலில் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும்.

பெயரையும் கவனியுங்கள். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து. படிவம் கேட்பதோ குடும்பப் பெயர். ஒரே நோயாளி கிளினிக்கில் "எஸ். முருகன்", பரிசோதனைக்கூடத்தில் "முருகன் சுடலைமுத்து", பெரிய மருத்துவமனையில் "சுடலைமுத்து முருகன்" என்று மூன்று ஆட்களாகிவிடுவார். ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதையே மருந்துச்சீட்டிலும் பரிசோதனைச் சீட்டிலும் எழுதுங்கள். அதே தொலைபேசி எண்ணையும் எல்லா இடத்திலும் கொடுங்கள். இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க அதிகாரிகளுக்கு அதுதான் துணை.

வார்டு எல்லையிலும் ஒரு சிக்கல் உண்டு. சயான் நிலையத்தின் அருகே கிளினிக் இருந்தால் உங்களிடம் வருகிறவர்களில் ஒரு பகுதி எஃப் வடக்கு, ஒரு பகுதி ஜி வடக்கு. நடவடிக்கை எடுப்பது நோயாளி வசிக்கும் வார்டு. ஆகவே தொலைபேசியில் பேசும்போது வாயைத் திறந்ததும் வார்டைச் சொல்லிவிடுங்கள்.

4. காய்ச்சல் தொடங்கிய தேதி

நோயாளி கிளினிக்குக்கு வந்த தேதியை நோய் தொடங்கிய தேதியாக எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இது பெரிய தவறு. டெங்குக் கொசு கடித்து ஏறக்குறைய 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வருகிறது. தொடங்கிய நாள் தெரிந்தால்தான் அதற்கு முன்னே அவர் எங்கே இருந்தார், மும்பையிலா ஊரிலா என்று கணக்கிட முடியும். எந்தப் பரிசோதனை பொருந்தும் என்பதும் இதைப் பொறுத்ததே. டெங்குவுக்கு முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 (கிருமியின் புரதத்தைத் தேடுவது), அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். (உடலின் எதிர்ப்பொருளைத் தேடுவது).

"நாலைந்து நாளாக" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். "ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிச் சமைத்தீர்களே, அன்று நன்றாகச் சாப்பிட்டாரா?" என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டால் நாள் பளிச்சென்று வந்துவிடும்.

5. நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது

தகவல் அனுப்ப நோயாளியின் அனுமதி தேவையில்லை. மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் அதே இடத்தில், தொற்றுநோயை மட்டும் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்கச் சொல்கின்றன. ஆனாலும் சொல்லாமல் அனுப்பாதீர்கள். அறிவிப்பில்லாமல் மாநகராட்சி ஆள் வாசலில் வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள். நோயாளி அடுத்த முறை உங்களிடம் வர மாட்டார், எண்ணையும் மாற்றிவிடுவார்.

நான் சொல்லும் விதம் இது: "அண்ணாச்சி, இது கொசுவால் வரும் காய்ச்சல். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வீட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார், வீட்டில் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் இருந்தால் ரத்தம் எடுப்பார். பணம் எதுவும் கேட்க மாட்டார்கள். எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு வசதி?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நேரத்தை அவரே சொல்லிவிட்டால் வருகையை ஏற்றுக்கொள்வார். அந்த நேரத்தைத் தகவலிலும் எழுதுங்கள்.

வீடு இடிபடும், ரேஷன் அட்டை போய்விடும் என்ற பயம் தாராவியில் உண்டு. யார் வந்து எதைக் கேட்டாலும் வீட்டுக் கணக்கெடுப்போடு அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இது சுகாதாரத் துறை, வீட்டுக் கணக்கெடுப்போடு தொடர்பில்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

6. காசநோய்: நிக்ஷயில் பதிவது

இந்தியாவில் காசநோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2012 மே மாதம் வந்தது. 2018 மார்ச் மாத அரசிதழ் அறிவிப்பு அதை இன்னும் இறுக்கியது. மருத்துவர், மருத்துவமனை, பரிசோதனைக்கூடம், மருந்துக்கடை எல்லோருக்கும் கடமை உண்டு. தெரிவிக்கத் தவறினால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகள் பாயும் என்றது அறிவிப்பு. அவற்றுக்கு ஈடாக இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் இருப்பவை 271, 272. மருந்துக்கடையில் காசநோய் மருந்துகள் எச்1 என்னும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் வருவதால் அவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்து மூன்றாண்டு காக்க வேண்டும்.

பதியும் வரிசை இது.

முதலில் தேடுங்கள். நோயாளியின் தொலைபேசி எண்ணைப் போட்டு ஏற்கெனவே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் பதிந்திருக்கலாம். இருந்தால் புதிதாகப் பதியாமல் அந்த எண்ணிலேயே தொடர வேண்டும். புதிதாகப் பதிந்தால் பழைய சிகிச்சையின் வரலாறு மறைந்துவிடும். முன்பு பாதியில் நிறுத்தியவர் என்பது தெரியாமல் போனால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக இருக்கலாம் என்ற சந்தேகமே எழாது.

பதிவு இல்லையென்றால் பெயர், வயது, பாலினம், எண், முகவரி, காசநோய் அலகு ஆகியவற்றைப் போட்டுப் பதியுங்கள். நோயாளிக்கு ஓர் எண் கிடைக்கும். அதை மருந்துச்சீட்டின் மேல் பெரிதாக எழுதிக் கொடுங்கள். இது இந்தியா முழுவதும் செல்லும். ஊர்க் கோயில் கொடைக்குப் போகிறவர் ஒரு மாதம் அங்கேயே தங்கிவிட்டால், அங்குள்ள அரசு மருத்துவமனையில் இதைக் காட்டி மருந்தைத் தொடரலாம். போவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தளத்திலேயே அவரை அந்த ஊருக்கு மாற்றிவிட முடியும்.

அடுத்து நோயின் விவரம். நுரையீரலா, வேறு உறுப்பா? கிருமி உறுதி செய்யப்பட்டதா, எக்ஸ்ரேயையும் அறிகுறியையும் வைத்து மருத்துவர் முடிவு செய்ததா? இரண்டாவது வகையையும் பதிய வேண்டும். சளியில் கிருமி தெரியவில்லை என்பதால் பதியாமல் விடுவது நான் பார்த்த தவறுகளில் முக்கியமானது. கழுத்துக் கட்டி, முதுகெலும்புக் காசநோய் எல்லாம் இப்படித்தான் விடுபட்டுப்போகின்றன. சளி கொடுக்க முடிந்தவர்களை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதும் அதில் தெரிந்துவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் பரிசோதனைகளை 2012 இல் அரசு தடை செய்துவிட்டது. அந்த முடிவோடு யாராவது வந்தால் அதை வைத்துப் பதியாதீர்கள்.

பிறகு வங்கி விவரம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய். தனியார் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவருக்கும் இது உண்டு. அது பலருக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே எண்ணை ஏற்றுங்கள். வாயால் சொன்ன எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பணம் போய்ச் சேராது. கிளினிக்குக்கும் பதிவுக்கு 500, சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் 500 ரூபாய் ஊக்கத்தொகை இருக்கிறது.

அந்த முடிவைத் தெரிவிப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, குணமானாரா, இடையில் நிறுத்தினாரா, இறந்தாரா என்று பதிய வேண்டும். பதிந்த அன்றே நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவிடுங்கள்.

வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா என்பதையும் எழுதுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர் தூங்கும் வீடுகள் நம்முடையவை. அவர்களுக்குப் பரிசோதனையும், தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் இந்த ஒரு வரியை வைத்துத்தான் தொடங்கும். தளத்தில் சிக்கல் வந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

7. மழைக்காலக் காய்ச்சல்கள்

மலேரியாவில் வகையை எழுதுங்கள்: வைவாக்ஸா, ஃபால்சிபாரமா, இரண்டுமா? வைவாக்ஸுக்கு ஈரலில் தங்கும் கிருமியை ஒழிக்க 14 நாள் பிரிமாகுயின் தேவை. காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறவர்களைப் பின்தொடர வகை தெரிய வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவர் என்றால் வேலையிடத்தின் முகவரியையும் சேருங்கள். மலேரியாக் கொசு மும்பையில் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிறது. டெங்குக் கொசு வீட்டுப் பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, கூரைமேல் போட்ட தார்ப்பாய்ச் சுருக்கத்திலேயே வளர்ந்துவிடும்.

டெங்குவில் ரேபிட் கார்டு என்னும் உடனடிச் சோதனையின் முடிவைச் சந்தேகத்துக்குரியது என்று குறியுங்கள். அரசுக் கணக்கில் உறுதியானது என்று கொள்வது பரிசோதனைக்கூடத்தில் செய்யும் எலைசா ரத்தப் பரிசோதனையைத்தான். அதற்காகத் தகவலை நிறுத்தி வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சலில், எந்தத் தேதியில் எந்தத் தெருவில் வெள்ளத்தில் நடந்தார், காலில் புண் இருந்ததா என்று ஒரு வரி எழுதினால் போதும். அதே தண்ணீரில் நடந்த மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்க அது வழிகாட்டும்.

காலரா சந்தேகத்தில் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் மல மாதிரியை எடுத்துவிடுங்கள். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கிருமி வளராமல் போகலாம். உயிர்காக்கும் உப்புச்சர்க்கரைக் கரைசலை மட்டும் மாதிரிக்காகக் காத்திருக்காமல் உடனே கொடுங்கள்.

8. குழந்தைகள்: தளர்வாதமும் தட்டம்மையும்

இந்தியாவில் போலியோ இல்லையே, கை கால் தளர்ந்தால் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். போலியோ இல்லை என்று சொல்ல முடிவதே ஒவ்வொரு தளர்வாதமும் சோதிக்கப்படுவதால்தான். நோய் தொடங்கி 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுத்துக் குளிர்ச்சியில் அனுப்ப வேண்டும். அதைச் சுகாதாரப் பணியாளர்களே வந்து செய்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அழைப்பது. குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டோம், அவர்கள் சொல்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வழியில் பெற்றோர் மனம் மாறி ஊருக்கு ரயில் ஏறிவிடுவதுண்டு.

தட்டம்மையில் நம் சமூகத்துக்கென்று ஒரு கவனம் தேவை. அம்மை கண்ட குழந்தையைப் பல வீடுகளில் மருத்துவரிடம் கொண்டுவர மாட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை வெளியே விட மாட்டார்கள். உங்களிடம் வருவது இருமலோடு இருக்கும் தம்பியோ தங்கையோதான். காய்ச்சலோடு கண் சிவந்து மூக்கு ஒழுகும் குழந்தையைப் பார்த்தால், "வீட்டில் அம்மன் இறங்கியிருக்கிறாளா, அக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆம் என்றால் அந்த வீட்டையும் சேர்த்துத் தகவல் கொடுங்கள். 2022 இல் கோவண்டிப் பக்கம் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்ததை மும்பை மறந்திருக்காது. வேப்பிலையை எடுக்கச் சொல்லி யாரும் வர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வருவார்கள். அப்படி விளக்கினால் பாட்டிமார்களும் கதவைத் திறக்கிறார்கள்.

9. எதை அனுப்பக் கூடாது

எச்.ஐ.வி. நிலையை இந்த வழியில் அனுப்பாதீர்கள். எச்.ஐ.வி. பற்றிய 2017 ஆம் ஆண்டுச் சட்டம், சம்மதமின்றி அதை வெளியிடுவதைத் தடுக்கிறது. அந்த நோயாளியை ஆலோசனை மையத்துக்கு அனுப்பும் முறை தனி.

நோயாளியின் பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்து மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது. வார்டு அலுவலகம் கொடுத்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். நல்ல எண்ணத்தில் சால் சங்கத் தலைவரிடம் சொல்லிவிடும் செவிலியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பம் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை மற்றவர்கள் மறுத்துவிட்டார்கள்.

10. பதிவேடும் தொடர்ச்சியும்

தளத்தில் ஏற்றினாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். தேதி, நோயாளியின் பெயர், நோய், யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு, பதிவு எண் என்ன. இணையம் துண்டிக்கப்படும் மழை நாளில் இதை வைத்துத்தான் பிறகு ஏற்ற முடியும். கேள்வி வந்தால் கிளினிக்குக்கு ஆதாரமும் இதுவே.

பரிசோதனைக்கூடம் தகவல் கொடுத்துவிடும் என்று நம்பி நீங்கள் விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் இருப்பது பெயரும் முடிவும். முகவரியும் தேதியும் உங்களிடம்தான் இருக்கின்றன.

பரிசோதனை முடிவு வந்ததும் பழைய பதிவைத் திருத்துங்கள், புதிதாக ஒன்று போடாதீர்கள். மூன்றாம் நாள் நோயாளிக்கு ஒரு தொலைபேசி செய்து, வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் நோட்டில் இருக்கும் தேதியையும் பதிவு எண்ணையும் சொல்லி எம்.ஓ.எச். அலுவலகத்தை மறுபடி அழையுங்கள். வந்துபோனார்கள் என்றால் அந்த வரிக்கு எதிரே தேதி போட்டு மூடலாம்.